எண் வேறு, எழுத்து வேறு



கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "0.0000001 என்ற எண்ணை எழுதிக் காட்டுமாறு பொறிக்குக் கட்டளையிட்டேன். அது 1ஈ-7 என்று எழுதுகிறது. என் எண்ணுக்கு என்ன நேர்ந்தது?" என்பதே அக்கேள்வி. எண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை. நேர்ந்ததெல்லாம் அதன் எழுத்துக்குத்தான் என்று நான் விடை சொல்வது வழக்கம். எண் என்பது ஒன்று. அதை எழுதிக் காட்டும் வடிவம் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால் விளையும் தொல்லைகள் சிறியவை அல்ல. மிகச் சிறிய தசம எண் ஒன்றை அதன் பூஜ்யங்களோடு முழுமையாக எழுதிக் காட்டுவது எப்படி, எப்போது அவ்வாறு எழுத வேண்டும், எப்போது எழுதலாகாது என்பவற்றை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில், எண்ணின் நடுவே வந்து உட்கார்ந்திருக்கும் அந்த 'ஈ' யார் என்று பார்ப்போம். அது பறக்கும் ஈ அன்று. ஆங்கில நெடுங்கணக்கின் ஐந்தாம் எழுத்து. அடுக்கு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாக அது அங்கே நிற்கிறது. 1ஈ-7 என்றால், ஒன்றைப் பத்தின் கழித்தல் ஏழாம் அடுக்கால் பெருக்குக என்று பொருள். பத்தின் ஏழாம் அடுக்கு ஒரு கோடி. ஆகவே, பத்தின் கழித்தல் ஏழாம் அடுக்கு கோடியில் ஒரு பங்கு. 0.0000001 என்பதும் கோடியில் ஒரு பங்குதான். இரண்டும் ஒன்றே. இவ்வாறு அடுக்கைக் கொண்டு எழுதும் முறையை அறிவியல் குறியீடு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்.

ஏட்டில் எழுதும்போது, பத்து என்று எழுதி, அதன் தோளருகே ஏழைச் சிறிதாக உயர்த்தி எழுதிவிடுகிறோம். பழைய அச்சுப் பொறிகளுக்கு அந்த வசதி இல்லை. எல்லா எழுத்தும் ஒரே அளவில், ஒரே வரியில் நிற்க வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பவரின் தலைமையில் உருவாகி 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்ட்ரான் என்னும் நிரல்மொழியிலேயே, அடுக்குக்கு முன் இந்த எழுத்தை இட்டு எழுதும் வழக்கத்தைக் காண்கிறோம். பேக்கஸ் குழுவினருக்குப் பின் வந்தவர்களும் அவ்வழக்கத்தையே பின்பற்றினர். இன்றும் அது நம்மோடு இருக்கிறது.

இனி, கோடியில் ஒரு பங்கு என்னும் இந்த எண் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். நாம் பருகும் நீரிலேயே வருகிறது. 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், ஒரு லிட்டர் தூய நீரில் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 0.0000001 மோல் அளவு இருக்கின்றன. வேதியியலார் இத்தனை பூஜ்யங்களை நாள்தோறும் எழுதிச் சலித்திருக்க வேண்டும். கோபன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சன் என்னும் அறிஞர் 1909ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டார். அடுக்கில் உள்ள ஏழை மட்டும் எடுத்துக்கொண்டு, நீரின் பி.எச். மதிப்பு 7 என்று சொன்னால் போதும் என்றார். ஆக, 0.0000001 என்றும், பத்தின் கழித்தல் ஏழாம் அடுக்கு என்றும், 1ஈ-7 என்றும், பி.எச். 7 என்றும் ஒரே அளவையே சொல்கிறோம். நாடக மேடையில் ஒரே நடிகர் நான்கு வேடம் புனைந்து வருவது போல இது.

எந்த வேடத்தில் வரவேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? அதை அறியப் பொறியின் உள்ளே சிறிது எட்டிப் பார்க்க வேண்டும். இன்றைய கணிப்பொறிகள் தசம எண்களைச் சேமிக்கும் முறை 1985ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. 754 என்னும் தரநிலையாக வகுக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு கொண்ட வில்லியம் கஹான் என்பவருக்கு 1989ஆம் ஆண்டில் டூரிங் பரிசு வழங்கப்பட்டது. அத்தரநிலையின்படி, வழக்கமான ஓர் எண்ணுக்கு 64 இரும இலக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று, எண் மிகையா குறையா என்று காட்டும் குறி. 11 அடுக்குக்கு உரியவை. எஞ்சிய 52 எண்ணின் இலக்கங்களுக்கு உரியவை. அங்கே தசமப் புள்ளி இல்லை. பூஜ்யங்களின் வரிசை இல்லை. 'ஈ' என்னும் எழுத்தும் இல்லை. எழுதிக் காட்டு என்று நாம் கேட்கும்போதுதான், மொழியோடு இணைந்துள்ள ஒரு சிறு நிரல் அந்த இரும இலக்கங்களைப் பார்த்து, நம் கண்ணுக்கு ஏற்ற எழுத்துகளைக் கோத்துத் தருகிறது.

அந்தச் சிறு நிரலை எழுதியவர் ஒரு வரம்பு வகுத்திருப்பார். எண் இந்த அளவுக்குக் கீழே இறங்கினால் அடுக்கு முறையில் எழுதுக என்பதே அவ்வரம்பு. ஜாவா மொழியில் 0.001 வரை பூஜ்யங்களோடு எழுதப்படும். அதற்குக் கீழே அடுக்கு முறை வந்துவிடும். பைத்தான் மொழி 0.0001 வரை பொறுத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் 0.000001 வரை பொறுத்திருக்கும். ஆகவே நம்முடைய கோடியில் ஒரு பங்கினை ஜாவா 1.0ஈ-7 என்றும், பைத்தான் 1ஈ-07 என்றும், ஜாவாஸ்கிரிப்ட் 1ஈ-7 என்றும் எழுதும். இவ்வரம்புகளை இயற்கை விதித்ததில்லை. மனிதர்கள் தம் வசதி கருதி வகுத்தார்கள். நம் தேவைக்கு அவை ஒத்துவராதபோது அவற்றை மாற்றிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு.

வடிவம் மாறினால் என்ன, பொருள் ஒன்றுதானே என்று சிலர் எண்ணலாம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பார்ஸ்இன்ட் என்னும் கட்டளை ஒன்று உண்டு. எழுத்துத் தொடரை இடமிருந்து வலமாகப் படித்து, அதிலுள்ள முழு எண்ணை எடுத்துத் தருவது அதன் பணி. 0.0005 என்ற எண்ணை அதனிடம் கொடுத்தால், பூஜ்யம் என்று சரியாகச் சொல்லும். 0.000005 என்று கொடுத்தாலும் பூஜ்யம் என்றே சொல்லும். இன்னும் ஒரு பூஜ்யம் கூட்டி, 0.0000005 என்று கொடுத்துப் பாருங்கள். ஐந்து என்று சொல்லும்! காரணம் இதுதான்: அக்கட்டளை எண்ணை முதலில் எழுத்தாக மாற்றிக்கொள்கிறது. அது வரம்புக்குக் கீழே இருப்பதால் 5ஈ-7 என்று எழுதப்படுகிறது. இடப்பக்கத்திலிருந்து படிக்கும் கட்டளை ஐந்தைக் காண்கிறது. அடுத்து எழுத்து வந்ததும் நின்றுவிடுகிறது. ஒன்றுமில்லாததற்கு அண்மையில் இருந்த ஓர் அளவு ஒரே நொடியில் ஒரு கோடி மடங்கு பெருகிவிட்டது. பொறி எச்சரிக்கை ஒன்றும் தருவதில்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பிழை நேர்ந்திருக்கிறது. எண்ணே அல்லாத ஒரு பெயரில் இந்த எழுத்து தற்செயலாக வந்துவிட்டால் என்ன ஆகும்? ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் மரபணுத் துணுக்குகளுக்கு இட்ட அடையாளங்களில் ஒன்று 2310009ஈ13 என்பது. விரிதாள் நிரல் அதை அடையாளமாகக் கொள்ளவில்லை. 2310009ஐப் பத்தின் 13ஆம் அடுக்கால் பெருக்கிய எண்ணாகக் கொண்டு மாற்றி எழுதிவிட்டது. இவ்வாறு மாறிய பெயரை மீட்க வழியில்லை என்று 2004ஆம் ஆண்டில் பி.எம்.சி. பயோஇன்ஃபர்மாட்டிக்ஸ் இதழில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆராய்ச்சியாளர் அரிதின் முயன்று தொகுத்த பட்டியல், கோப்பைத் திறந்து மூடிய அளவிலேயே சிதைந்துபோவது எவ்வளவு வருந்தத்தக்கது!

இவற்றைக் கேட்டபின், "அப்படியானால் அந்த ஈயை ஓட்டிவிட்டால் போதுமே" என்று நினைப்பீர்கள். ஓட்டலாம், ஆனால் ஓட்டும் முறை அறிந்து ஓட்ட வேண்டும். முறை தெரியாமல் ஓட்டுவோர் இரு குழிகளில் விழக் கண்டிருக்கிறேன்.

முதற்குழி, எண்ணையே அழித்துவிடுவது. சி மொழியில் 'எஃப்' என்னும் வடிவக் குறியை இட்டால், அடுக்கு முறை வாராது. புள்ளிக்குப் பின் ஆறு இடங்கள் எழுதப்படும். நம்முடைய 0.0000001ஐ அக்குறியோடு எழுதிப் பாருங்கள், 0.000000 என்று வரும். ஈ போயிற்று, கூடவே எண்ணும் போயிற்று. பிட்காயின் என்னும் மின்னணு நாணயத்தின் மிகச் சிறிய கூறு, ஒரு நாணயத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு; அதாவது 0.00000001. அந்தக் கணக்கை ஆறு இடங்களோடு எழுதினால், கையில் இருக்கும் சிறுதொகை இல்லாத தொகையாகத் தோன்றும். மிகக் குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. நீரில் நஞ்சின் அளவை ஆராய்பவருக்கு இவ்வேறுபாடு எத்துணை முக்கியம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாம் குழி, இல்லாத நுட்பத்தை இருப்பதாகக் காட்டுவது. ஆறு இடங்கள் போதவில்லை, 26 இடங்கள் எழுதுக என்று கட்டளையிட்டால், புள்ளிக்குப் பின் முதலில் 7 பூஜ்யங்கள் வரும். பிறகு 16 ஒன்பதுகள் வரும். அதன்பின் 5, 4, 7 என்று வந்து முடியும். நாம் கொடுத்த ஒன்று எங்கே போயிற்று? கோடியில் ஒரு பங்கினை இரும இலக்கங்களில் சிறிதும் பிசகாமல் எழுத இயலாது. மூன்றில் ஒரு பங்கினைத் தசமத்தில் எழுத முயன்றால், மூன்று மூன்றாக வளர்ந்துகொண்டே போவதை அறிவீர்கள் அல்லவா? அதுபோன்ற நிலைதான் இது. பொறி தனக்கு இயன்ற மிக அண்மையான எண்ணை வைத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 16 இலக்கங்கள் வரைதான் அதன் சொல்லை நம்பலாம். அதற்கு மேலும் துருவிக் கேட்டால், நாம் கொடுக்காத இலக்கங்களையெல்லாம் எடுத்துக் கொட்டும். அவற்றை அளந்து கண்ட உண்மைகள் போல எழுதிக் காட்டுவது படிப்பவரை ஏமாற்றுவதாகும்.

இவ்விரு குழிகளுக்கும் நடுவே செல்லும் நல்வழிகள் உண்டு. அவற்றுள் நான்கைக் கூறுகிறேன்.

முதல் வழி, எத்தனை இடங்கள் தேவை என்பதைப் பொருளைப் பார்த்து நிச்சயித்துக்கொள்வது. பிட்காயினுக்கு எட்டு இடங்கள் என்றால், எட்டு இடங்களே எழுதுக. ஜாவாஸ்கிரிப்டில் டுஃபிக்ஸட் என்னும் கட்டளையும், பைத்தானிலும் சி மொழியிலும் இட எண்ணிக்கையோடு கூடிய 'எஃப்' குறியும் இதற்கு உதவும். அளவு தெரிந்த இடத்தில் இதைவிட எளிய வழி இல்லை.

இரண்டாம் வழி, இலக்கங்களை இடம் பெயர்த்து வைப்பது. எண் எவ்வளவு சிறியதாக வரும் என்று முன்கூட்டியே தெரியாதபோது இது பயன்படும். இன்றைய மொழிகள் பல, திரும்பப் படித்தால் அதே எண் கிடைக்கும்படியான மிகக் குறுகிய இலக்கத் தொடரைத் தேர்ந்து எழுதுகின்றன. அதற்கான முறையை கை ஸ்டீல், ஜான் ஒயிட் என்னும் இருவர் 1990ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விளக்கினர்; பைத்தான் மொழி 2009ஆம் ஆண்டு முதல் அத்தகைய குறுகிய வடிவத்தைக் கையாள்கிறது. ஆகவே பொறி எழுதிய இலக்கங்களை நாம் நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு 5.25ஈ-7 என்று எழுதுங்கள். கழித்தல் குறி முன்னே இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். பிறகு 'ஈ' என்னும் எழுத்து நிற்கும் இடத்தில் தொடரை இரண்டாக வெட்டுங்கள். இடப்பக்கம் 5.25, அதிலுள்ள புள்ளியை நீக்கினால் 525. வலப்பக்கம் கழித்தல் 7. அந்த ஏழில் ஒன்று குறைத்தால் ஆறு. இனி, ஒரு பூஜ்யம், ஒரு புள்ளி, அதன்பின் ஆறு பூஜ்யங்கள், இறுதியில் 525 என்று வரிசையாக எழுதுங்கள். 0.000000525 கிடைத்துவிட்டது. இடப்பக்கத்தில் 1.0 என்று ஜாவா எழுதியிருந்தால், புள்ளிக்குப் பின் வெறுமனே நிற்கும் அந்தக் கடைசிப் பூஜ்யத்தை முதலிலேயே நீக்கிவிடுங்கள். இம்முறையில் பெருக்கலோ வகுத்தலோ இல்லை. எழுத்துகளை இடம் மாற்றி வைக்கிறோம், அவ்வளவே. கணக்கு இல்லாததால், கணக்குப் பிழை புகவும் வழியில்லை.

மூன்றாம் வழி, எண்ணைத் தொடக்கத்திலேயே தசம இலக்கங்களாகச் சேமிப்பது. ஜாவா மொழியில் பிக்டெசிமல் என்னும் வகையும், பைத்தானில் டெசிமல் என்னும் வகையும் இதற்கென்றே உள்ளன. பணத்தைக் கணக்கிடுவோர் இவற்றையே நாட வேண்டும். ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை. பிக்டெசிமலும் தானாக எழுதும்போது, எண் மிகச் சிறியதாயின் அடுக்கு முறைக்கு மாறிவிடும். அதனால்தான், பூஜ்யங்களோடு விரித்து எழுதுவதற்கென்று டுப்ளெயின்ஸ்டிரிங் என்னும் தனிக் கட்டளையை 2004ஆம் ஆண்டில் வந்த ஜாவா பதிப்பில் சேர்த்தார்கள்.

நான்காம் வழி மிகப் பழையது, அலகையே மாற்றிக்கொள்வது. நம் முன்னோர் முந்நூற்றிருபதில் ஒரு பங்கினை முந்திரி என்று ஒரே சொல்லால் குறித்தார்கள். சிறிய பங்கிற்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டால், பின்னர் ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண்களால் அதை எண்ணலாம். பிட்காயினின் மிகச் சிறிய கூறுக்கு சடோஷி என்று பெயரிட்டு, நிரலுக்குள் முழு எண்களாகவே கணக்கிடுவதும் இந்த வழிதான். 0.05 மில்லிகிராம் என்று எழுதுவதினும் 50 மைக்ரோகிராம் என்று எழுதுவது கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறதன்றோ?

மருந்தைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயிண்ட் கமிஷன் என்னும் அமைப்பு, பயன்படுத்தக் கூடாத குறியீடுகளின் பட்டியல் ஒன்றை 2004ஆம் ஆண்டில் வகுத்தது. மருந்தளவை எழுதும்போது .5 என்று புள்ளியில் தொடங்கலாகாது. முன்னே பூஜ்யம் இட்டு 0.5 என்றே எழுத வேண்டும். 5.0 என்று வீணான பூஜ்யத்தைப் பின்னே சேர்க்கலாகாது; 5 என்றே எழுத வேண்டும். காரணம் தெளிவு. புள்ளி மங்கினால், முன்னது ஐந்தாகவும், பின்னது ஐம்பதாகவும் படிக்கப்படும். நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போய்ச் சேரும். கணக்கு சரியாக இருந்தும் எழுத்து தவறினால் உயிருக்கே தீங்கு நேரலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மருந்துச் சீட்டையும் நிரல்கள் அச்சிடும் இக்காலத்தில், அந்த விதியைக் காக்கும் பொறுப்பு நிரல் எழுதுபவருக்கும் உண்டு.

அறிவியல் குறியீடு வேண்டாத பகை என்று நான் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். ஓர் எலக்ட்ரானின் நிறையைக் கிலோகிராமில் விரித்து எழுதினால், புள்ளிக்குப் பின் 30 பூஜ்யங்கள் நிற்கும். அதன்பிறகே 9109 என்று முதல் இலக்கங்கள் வரும். அப்பூஜ்யங்களைப் பிசகாமல் எண்ணக் கூடியவர் யார்? ஒன்றை விட்டுவிட்டால் பத்து மடங்கு பிழை. அத்தகைய இடத்தில் அடுக்கு முறையே நேர்மையானது. படிப்பவருக்கும் அதுவே உதவியானது. இயற்பியல் மாணவருக்கு எழுதும்போது அதைத் தயங்காமல் கையாளுங்கள். மளிகைக்கடைக் கணக்கிலும், மருந்துச் சீட்டிலும், பொதுமக்கள் பார்க்கும் அறிவிப்பிலும் அதை நுழையவிடாதீர்கள்.

ஆதலால், எண்ணை எழுத்தாக்கும் கட்டளையை இடுவதற்குமுன் மூன்று கேள்விகளை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் படிக்கப்போவது யார், மனிதரா, மற்றொரு நிரலா? இந்த எண்ணில் எத்தனை இலக்கங்கள் உண்மையாக அறியப்பட்டவை? நான் எழுதும் பூஜ்யங்களைப் படிப்பவர் பிசகாமல் எண்ண முடியுமா? இம்மூன்றுக்கும் விடை கண்டுவிட்டால், எந்த வழியைத் தேர்வது என்பது தானே விளங்கிவிடும். விடை காணாமல், பொறி எழுதியபடியே விட்டுவிடுவோர், எங்கோ, என்றோ, யாரோ வகுத்த ஒரு வரம்பைத் தம் வாசகர்மேல் சுமத்துகிறார்கள்.

கணக்கிடும் வேலையைப் பொறி செய்துவிடுகிறது; நம்மைவிட விரைவாகவும் செய்கிறது. கண்ட விடையைப் பிறர் தவறின்றிப் படிக்குமாறு எழுதித் தரும் கடமை இன்னும் நம்மிடந்தான் இருக்கிறது. இன்று மாலையே உங்கள் கணிப்பொறியில் 0.0000001 என்று எழுதி, நான் சொன்ன வழிகள் ஒவ்வொன்றையும் செய்து பாருங்கள். அந்தச் சின்னஞ்சிறு எண், கேட்டுப் படித்த பாடத்தைக் கண்ணால் கண்ட பாடமாக்கித் தரும்.